குறுக்கே வந்த நட்சத்திரங்கள்

குவாசார் பத்தி எந்தக் கட்டுரை வந்தாலும் பக்கத்துல ஒரு படம் போடுவாங்க. நடுவுல கறுப்பு உருண்டை, அதைச் சுத்தி ஆரஞ்சு நிறத்துல தகதகன்னு ஒரு தட்டு, மேலயும் கீழயும் பீச்சியடிக்கிற வெளிச்சம். அழகான படம்தான். ஆனா அது ஓவியர் வரைஞ்சது. அந்தத் தட்டை எந்தத் தொலைநோக்கியும் இதுவரை படம் எடுத்ததில்ல.

படம் எடுக்க முடியாத அந்தத் தட்டை வானியலாளர்கள் நிஜமாவே அளந்திருக்காங்க. குத்துமதிப்பா இல்ல, நிஜமா. அதுக்கு அவங்க பிடிச்ச வழி, இயற்பியல்ல இருக்கிற மிக அழகான வழிகள்ல ஒண்ணு. கட்டுரைகள்ல அதை ஒரே வரியில தாண்டிப் போயிடுறாங்க. அது அநியாயம். அந்த ஒரு வரியைத்தான் இங்க நிதானமாப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

பெகாசஸ் பக்கம் ஒரு சுருள் கேலக்சி இருக்கு. நம்மகிட்டேர்ந்து சுமார் 50 கோடி ஒளியாண்டு. 1985-ல ஜான் ஹுக்ராவும் அவரோட குழுவும் கேலக்சிகளோட தூரத்தைக் காட்டுற செம்பெயர்ச்சியை வரிசையா அளந்துட்டு வந்தப்போ, இதோட மையத்து நிறமாலையில இருக்கவே கூடாத கோடுகள் தெரிஞ்சுது. கேலக்சியோட செம்பெயர்ச்சி 0.039. அந்தக் கோடுகளோடது 1.695.

அதாவது கேலக்சி பக்கத்து வீடு மாதிரி. அதுக்குள்ளேர்ந்து வர்றதாத் தெரியிற வெளிச்சமோ, கிட்டத்தட்ட ஆயிரம் கோடி வருஷம் பயணம் பண்ணி வந்தது.

விஷயம் இதுதான். ரொம்பப் பின்னாடி ஒரு குவாசார். அதுக்கும் நமக்கும் நடுவுல, கச்சிதமா ஒரே நேர்கோட்டுல இந்தக் கேலக்சி. கேலக்சியோட ஈர்ப்பு, பின்னாடி இருக்கிற வெளிச்சத்தை வளைச்சு நாலு பாதையில அனுப்புது. நமக்கு ஒரே குவாசார் நாலு புள்ளியாத் தெரியுது, கேலக்சி மையத்தைச் சுத்திச் சிலுவை மாதிரி. பட்டியல்ல பேரு க்யூ 2237+0305. எல்லாரும் கூப்பிடறது ‘ஐன்ஸ்டைன் சிலுவை’. நாலு புள்ளிக்கும் ஏ, பி, சி, டி-ன்னு பேரு.

இப்போ ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நாலும் ஒரே பொருளோட பிம்பம். குவாசார் பிரகாசமானா நாலும் பிரகாசமாகணும். மங்கினா நாலும் மங்கணும். நாலு பாதையோட நீளத்துல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, ஆனா இந்தச் சிலுவையில அது ஏறக்குறைய ஒரு நாள் அளவுதான். அதனால நாலும் சேர்ந்தே ஆடணும்.

1988-ல ஏ மட்டும் பிரகாசமாச்சு.

மத்த மூணும் அசையல. மைக் இர்வின், ரேச்சல் வெப்ஸ்டர், பால் ஹியூவெட் குழு இதை 1989-ல வெளியிட்டாங்க. குவாசார்ல எதுவும் நடக்கல. ஏ-யோட வெளிச்சம் வர்ற பாதையில, அந்த முன்னாடி கேலக்சிக்குள்ள, ஏதோ நட்சத்திரம் நகர்ந்து வந்திருக்கு. கேலக்சி பெரிய வில்லைன்னா, அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு குட்டி வில்லை. அதைத்தான் நுண்வில்லை விளைவுன்னு சொல்றாங்க. ஆங்கிலப் பேரையே வச்சு மைக்ரோலென்சிங்னு சொல்றவங்கதான் அதிகம்.

சரி, ஏதோ ஊர் பேர் தெரியாத நட்சத்திரம் குறுக்கே போச்சு. அதுக்கும் தட்டோட அளவுக்கும் என்ன சம்பந்தம்?

அதுக்கு முன்னாடி அந்தத் தட்டு எவ்வளவு பொடிசுன்னு மனசுல வாங்கிக்கணும். குவாசார்னா ஒரு கேலக்சியோட நடு மையம். அங்க நம்ம சூரியனைப் போல பல கோடி மடங்கு, சில சமயம் நூறு கோடி மடங்குக்கும் மேல எடையுள்ள கருந்துளை. அதுக்குள்ள விழற வாயு நேரா விழாது. சுத்திச் சுத்தித்தான் விழும். அப்படிச் சுத்தும்போது தட்டையாப் பரவும், ஒண்ணோட ஒண்ணு உரசும், சூடேறும். அந்தச் சூடுதான் வெளிச்சம். மொத்தக் கேலக்சியோட நட்சத்திரங்களையும் தூக்கிச் சாப்பிடுற வெளிச்சம். 1963-ல மார்ட்டன் ஷ்மிட் 3சி 273-ஓட தூரத்தைக் கண்டுபிடிச்சப்போ எல்லாரும் அதிர்ந்துபோனது இதனாலதான். இவ்வளவு தூரத்துலேர்ந்து இவ்வளவு வெளிச்சம் எப்படி வரும்னு.

அந்தத் தட்டு நம்ம சூரியக் குடும்பத்தைவிடச் சில மடங்கு பெருசு, அவ்வளவுதான். ஆயிரம் கோடி வருஷப் பயணத் தூரத்துல அதை வச்சுப் பார்த்தா, வானத்துல அது பிடிக்கிற கோணம் ஒரு மைக்ரோ ஆர்க்செகண்டுக்கும் கம்மி. (ஒரு டிகிரியில 3,600 ஆர்க்செகண்ட். அதுல ஒண்ணை எடுத்துப் பத்து லட்சமாப் பங்கு போட்டா ஒரு மைக்ரோ ஆர்க்செகண்ட்.) 2019-ல எம்87 கருந்துளையோட நிழலைக் காட்டுன ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கி நினைவிருக்கா? உலகம் முழுக்க இருந்த ரேடியோ தொலைநோக்கிகளைக் கோத்து, பூமி அளவுக்கே ஒரு கருவியா மாத்துனாங்களே. அதால பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது சுமார் 20 மைக்ரோ ஆர்க்செகண்ட். குவாசார் தட்டு அதைவிடப் பல மடங்கு பொடிசு.

பூமி அளவுக் கருவியே பத்தலைன்னா வேற எங்க போறது?

நம்ம பூமியில கட்டுறதை விட்டுட்டு, வழியில ஏற்கெனவே நிக்கிற நட்சத்திரங்களைக் கருவியா எடுத்துக்க வேண்டியதுதான்.

இந்த யோசனை திடீர்னு வந்ததில்ல. நட்சத்திரம் வில்லை மாதிரி வேலை செய்யும்னு ஐன்ஸ்டைன் 1936-லயே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ரூடி மண்டல்னு ஒரு பொறியாளர் விடாம நச்சரிச்சதாலதான் அதையும் எழுதினார். இதைக் கண்ணால பார்க்கிற வாய்ப்பே இல்லைங்கிறதுதான் அவர் முடிவு. அடுத்த வருஷமே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, நட்சத்திரத்தை விடுங்க, கேலக்சியை வில்லையா நினைச்சுப் பாருங்கன்னார். 1964-ல நார்வேக்காரர் ஷூர் ரெஃப்ஸ்டால், இரண்டு பிம்பத்துக்கு நடுவுல இருக்கிற கால இடைவெளியை வச்சுப் பிரபஞ்சம் விரியிற வேகத்தையே அளக்கலாம்னு கணக்குப் போட்டுக் காட்டினார். அப்போ வானத்துல ஒரு ஈர்ப்பு வில்லைகூடக் கண்டுபிடிக்கப்படல. முதல் வில்லைக்கு அவர் பதினஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்துது.

1979-ல டென்னிஸ் வால்ஷ், பாப் கார்ஸ்வெல், ரே வேமன் மூணு பேரும் சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் 6 ஆர்க்செகண்ட் இடைவெளியில ரெட்டைக் குவாசாரைப் பார்த்தாங்க. க்யூ 0957+561. இரண்டோட நிறமாலையும் ஒண்ணு போலவே இருந்துது. அதே வருஷம் முடியறதுக்குள்ள ரெஃப்ஸ்டாலும், ஹாம்பர்க்ல அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த கொரியப் பெண் கியோங்கே சாங்கும் ‘நேச்சர்’ இதழ்ல எழுதிட்டாங்க: கேலக்சிக்குள்ள இருக்கிற தனி நட்சத்திரங்களால இந்தப் பிம்பங்களோட வெளிச்சம் ஏறி இறங்கும்னு. வில்லை கிடைச்ச சில மாசத்துலயே அதுக்குள்ள இருக்கிற குட்டி வில்லைகளோட கணக்கையும் போட்டாச்சு.

இந்த ரெட்டைக் குவாசார்ல ஒரு பெரிய சண்டை நடந்துது, அதைச் சொல்லாமப் போக முடியாது. ஏன்னா குவாசாரோட ஆட்டத்தையும் நட்சத்திரத்தோட ஆட்டத்தையும் எப்படிப் பிரிக்கிறதுங்கிறதே அதுலதான் புரியும்.

இந்த ரெட்டையோட இரண்டு பிம்பத்துக்கும் ஏ, பி-ன்னு பேரு. ஏ-யில நடக்கிறது கொஞ்ச காலம் கழிச்சு பி-யில நடக்கணும். எவ்வளவு காலம்? ஒரு கூட்டம் 415 நாள் பக்கம்னுச்சு. இன்னொரு கூட்டம் 540 நாள் பக்கம்னுச்சு. ஒரே தரவுகளை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா இரண்டு கட்சி. பிம்பங்கள்ல நட்சத்திரங்களும் தங்கள் பங்குக்கு விளையாடறதால, எந்த ஏற்ற இறக்கம் குவாசாரோடது, எது நட்சத்திரத்தோடதுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல.

1994 டிசம்பர்ல ஏ பிம்பம் சட்டுன்னு மங்குச்சு. நல்ல செங்குத்தான சரிவு. தோமிஸ்லாவ் குண்டிச் குழு உடனே அதை வெளியிட்டு, பந்தயத்தைப் பகிரங்கமா வச்சாங்க: 415 நாள்காரங்க சரின்னா பி 1996 பிப்ரவரியில இதே மாதிரி மங்கும். 540 நாள்காரங்க சரின்னா ஜூன் வரைக்கும் காத்திருக்கணும்.

பிப்ரவரியிலயே மங்குச்சு. கடைசியில வந்த கணக்கு 417 நாள், 3 நாள் முன்னப்பின்ன. ஒரு முன்கணிப்பைத் தேதி போட்டுச் சொல்லிட்டு, வானம் பதில் சொல்ற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தாங்க. விஞ்ஞானம் இவ்வளவு நேர்மையா நடக்கிறதைப் பார்க்க மனசு நிறையுது.

இதுக்கப்புறம் வேலை சுலபம். பி-யோட வெளிச்ச வரைபடத்தை 417 நாள் நகர்த்தி ஏ மேல வைக்கலாம். ரெண்டுலயும் இருக்கிறது குவாசாரோடது. கழிச்சுட்டு மிச்சம் என்ன நிக்குதோ, அது நட்சத்திரங்களோடது. கால இடைவெளியை அளக்கிறவங்களுக்கு அந்த மிச்சம் ஒரு தொல்லை. தட்டை அளக்கிறவங்களுக்கு அதுதான் முழு விஷயமே.

இப்போ நேரா தட்டுக்கு வருவோம்.

வெயில் நேரத்துல தண்ணித் தொட்டியோட அடியைப் பார்த்திருப்பீங்க. அலையோட வளைவுல ஒளி மடிஞ்சு, தரையில பளபளன்னு கோடு கோடா ஒரு வலை ஆடும். கோட்டுக்கு மேல வெளிச்சம் கொட்டும், பக்கத்துலயே மங்கலா இருக்கும். ஒரு கேலக்சியோட கோடிக்கணக்கான நட்சத்திரங்களும் குவாசார் இருக்கிற தூரத்துல இதே மாதிரி ஒரு வலையைப் போடுது. கோடுகள், கூர் முனைகள், வைரக்கல் வடிவத்துல மூடிய கட்டங்கள். குவாசாரும் கேலக்சியும் நட்சத்திரங்களும் நாமும் எல்லாரும் நகர்ந்துட்டே இருக்கிறதால, குவாசார் அந்த வலைக்குக் குறுக்கே மெதுவா ஊர்ந்து போகுது. ஒரு கோட்டைத் தாண்டும்போது அந்த ஒரு பிம்பம் மட்டும் பளிச்சுனு ஏறும்.

எவ்வளவு பளிச்சுனு? அங்கதான் அளவு ஒளிஞ்சிருக்கு. வெளிச்சம் விடுற இடம் ஊசிமுனை மாதிரி சின்னதுன்னா, கோட்டைத் தொட்டதும் வெளிச்சம் சர்ருனு எகிறும். இடம் அகலமா இருந்தா ஒரே சமயத்துல கொஞ்சம் கோட்டுக்கு மேல, மிச்சம் வெளியில. ஏற்றம் மழுங்கிப் போயிடும். ரொம்ப அகலமா இருந்தா, வலையில பல கட்டங்களை ஒண்ணா மூடிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால வரைபடத்துல சிகரம் எவ்வளவு கூர்மைன்னு பார்த்தாலே தட்டு எவ்வளவு அகலம்னு கணக்குப் போட்டுடலாம்.

இதுல ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கு. சூரியன் எடையுள்ள நட்சத்திரத்தோட வில்லை வீச்சு, குவாசார் இருக்கிற தூரத்துல 10-இன் அடுக்கு 16-லேர்ந்து 17 சென்டிமீட்டர். தட்டோட அளவு 15-லேர்ந்து 16. வீச்சு தட்டைவிடக் கொஞ்சம் பெருசு. நட்சத்திரங்கள் இன்னும் ரொம்ப லேசா இருந்திருந்தா இந்த வழி பலிச்சிருக்காது. தட்டைச் சுத்தித் தூரத்துல பறக்கிற வாயு மேகங்கள் தட்டைவிடப் பல மடங்கு அகலம், அதனால அதுங்க வெளிச்சம் பெருசா ஆடாது. அந்த ஆடாத வெளிச்சத்தையே ஒப்பிட்டுப் பார்க்க அடிக்கோடா வச்சுக்கலாம். இயற்கை இவ்வளவு தோதா ஒத்துழைக்கிறது அபூர்வம்.

வலையைக் கணினியில வரையிறதுக்கு ஒரு தந்திரம் பண்ணாங்க. வெளிச்சம் அங்கேர்ந்து இங்க வருது. அந்தக் கணக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா ஒரே இடத்துலேர்ந்து எத்தனை பாதை நம்மகிட்ட வருதுன்னு முன்கூட்டியே தெரியாது. அதனால தலைகீழா, நம்ம பக்கத்துலேர்ந்து கதிர்களை அனுப்புறது. நட்சத்திரங்களைக் கண்டபடி தூவி வச்சு, கோடிக்கணக்கான கதிர்களை அதுக்குள்ள விட்டு, ஒவ்வொண்ணும் வளைஞ்சு போய் குவாசார் தளத்துல எந்தக் கட்டத்துல விழுதுன்னு எண்ணுறது. நிறைய விழுந்த கட்டம் பிரகாசம், கம்மியா விழுந்தது மங்கல். 1986-லயே ஹாம்பர்க்கில ரெஃப்ஸ்டால் குழு இதை ஆரம்பிச்சுது. ஜெர்மன்காரர் யோஹாகிம் வாம்ஸ்கான்ஸ் அதை வேகமா ஓடுற நிரலா மாத்தினார்.

1990-ல வாம்ஸ்கான்ஸ், போஹ்தன் பச்சின்ஸ்கி, பீட்டர் ஷ்னைடர் மூணு பேரும் ஐன்ஸ்டைன் சிலுவையோட அந்த 1988 நிகழ்வை எடுத்துக் கணக்குப் போட்டாங்க. வெளிச்சம் வர்ற இடம் 2,000 கோடி கிலோமீட்டருக்கு மேல இருக்க முடியாதுன்னு வந்துது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல 15 கோடி கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா, அதைப்போல 130 மடங்கு. இவ்வளவு தொலைவுல இருக்கிற ஒரு பொருளுக்கு, சூரியக் குடும்பத்தோட அளவையில ஒரு எண் கிடைச்சது!

அடுத்த வருஷமே கெவின் ராச்சும் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் தடை எழுப்பினாங்க. இந்த அளவு ரொம்பச் சின்னது, சூடான தட்டு இவ்வளவு வெளிச்சம் விடணும்னா இன்னும் பெருசா இருந்தாகணும்னு. 1992-ல மறுபடி கணக்குப் பார்த்து, இல்லை, ஒத்துப்போகுதுன்னு பச்சின்ஸ்கி தரப்பு பதில் சொல்லிச்சு. (‘ரொம்பச் சின்னது’ங்கிற இந்தப் புகாரை ஞாபகம் வச்சுக்கோங்க.)

ஒரே ஒரு நிகழ்வை வச்சு எத்தனை நாள்தான் வாதாடறது? தரவு வேணும். சிலி நாட்டுல லாஸ் கம்பானாஸ் மலையில இருக்கிற 1.3 மீட்டர் வார்சா தொலைநோக்கியில, போலந்துக்காரங்க நடத்துற ஓகிள் திட்டம் 1997-லேர்ந்து சிலுவையை விடாம கவனிக்க ஆரம்பிச்சுது. 1999-ல சி பிம்பம் அழகா ஒரு சிகரம் ஏறி இறங்குச்சு, ஒவ்வொரு படியும் பதிவாகி. மத்த பிம்பங்களும் தனித்தனியா தன் போக்குல ஆடிச்சு. வானவியல்ல இந்த மாதிரி பொறுமையான வேலைக்குக் கைதட்டல் கம்மி. ஆனா இது இல்லைன்னா மத்தது எதுவும் இல்லை.

இந்தத் தரவை 2004-ல கிறிஸ்டோபர் கோச்சனெக் வேற விதமா அணுகினார். ஒரு சிகரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்க வேண்டாம். கணினியில வலைகளை உருவாக்கு. அதுமேல குவாசாரைக் கண்டபடி ஓடவிடு, வேற வேற அளவுல, வேற வேற வேகத்துல, லட்சக்கணக்கான தடவை. ஒவ்வொரு ஓட்டத்துலயும் என்ன வரைபடம் வருதுன்னு பாரு. நிஜத்தோட ஒத்துப்போகாததைத் தூக்கிப் போடு. பெரும்பாலானது குப்பைக்குத்தான் போகும். மிஞ்சுறது எந்த அளவைச் சொல்லுதோ, அதுதான் விடை. இன்னிக்கும் இந்தத் துறையில எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல நடக்கிற பாதை இது.

ஒரு சிக்கல் மட்டும் கூடவே வரும். சின்னத் தட்டு மெதுவாப் போனாலும், பெரிய தட்டு வேகமாப் போனாலும் வரைபடம் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். ஆக, வேகம் தெரியணும். அந்த வேகத்துல ஒரு பங்கு நம்ம சூரியனோடது! பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சை வச்சுப் பார்த்தா சூரியன் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்துல போகுது, திசையும் தெரியும். நாம நகர்றதாலயும் அந்த நேர்கோடு கலையுது இல்லையா? ஆயிரம் கோடி வருஷப் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தட்டோட அளவுக் கணக்குல, நாம உட்கார்ந்திருக்கிற இந்த ஊரோட வேகமும் ஒரு உறுப்பா வந்து சேருது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் துறையை நேசிக்கலாம்.

2010-ல கிறிஸ்டோபர் மார்கனும் கோச்சனெக்கும் 11 குவாசார்களோட முடிவுகளை ஒண்ணாச் சேர்த்தாங்க. நூறு கோடி சூரிய எடையுள்ள கருந்துளைக்கு, புற ஊதா வெளிச்சத்துல தட்டோட ஆரம் சுமார் 6,000 கோடி கிலோமீட்டர். அந்த ஆரத்தைக் கடக்க ஒளிக்கு இரண்டு நாளுக்கு மேல ஆகும். கருந்துளையோட எல்லை ஆரம் சுமார் 300 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியன்லேர்ந்து யுரேனஸ் இருக்கிற தூரம். கருந்துளை எடை கூடக்கூடத் தட்டும் பெருசாகுது, கோட்பாடு சொன்ன விகிதத்தை ஒட்டியே.

ஆனா ஒரு இடத்துல இடிச்சுது.

1973-ல நிக்கோலாய் ஷகூராவும் ரஷீத் சுன்யேவும் எழுதின மெல்லிய தட்டுக் கோட்பாடுதான் இன்னிக்கும் எல்லாரும் கையில எடுக்கிறது. எந்த ஆரத்துல எவ்வளவு சூடுன்னு அது சொல்லும். சூடு தெரிஞ்சா பரப்புக்கு எவ்வளவு வெளிச்சம்னு தெரியும். நமக்கு வந்து சேர்ற மொத்த வெளிச்சத்தை அளந்தா, தட்டு எவ்வளவு பெருசா இருக்கணும்னு திருப்பிக் கணக்குப் போடலாம். மார்கன் குழு போட்டாங்க. ஒரே ஒரு குவாசாரைத் தவிர மத்த எல்லாத்துலயும், நுண்வில்லை சொல்ற அளவு இந்த அளவைப்போலச் சுமார் 4 மடங்கு. ஆரம் 4 மடங்குன்னா பரப்பு 16 மடங்கு. அவ்வளவு பெரிய தட்டு இதைவிட ரொம்பப் பிரகாசமா இருந்திருக்கணுமே? 1991-ல வந்த புகார் ‘ரொம்பச் சின்னது’. இப்போ ‘ரொம்பப் பெருசு’.

இந்தப் புகார் மார்கன் குழுவோட மட்டும் நிக்கல. 2007-லயே டேவிட் பூலி குழு நாலு பிம்பக் குவாசார்களைச் சந்திரா எக்ஸ்-கதிர் விண்கலத்துல பார்த்திருந்தாங்க. (1999-ல ஏவுன விண்கலம். சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர் பேரை வச்சது.) எக்ஸ்-கதிர்ல பிம்பங்களோட பிரகாச விகிதம் தாறுமாறா இருந்துது, கண்ணுக்குத் தெரியிற ஒளியில அந்த அளவுக்கு இல்ல. அப்படின்னா எக்ஸ்-கதிர் வர்றது நடுவுல ரொம்பச் சின்ன இடத்துலேர்ந்து. ஒளி வர்றதோ, கோட்பாடு சொன்னதைவிட 3-லேர்ந்து 30 மடங்கு வரைக்கும் அகலமான இடத்துலேர்ந்து.

வில்லையே இல்லாத இடத்துலயும் இதே கதை வந்துது. என்ஜிசி 5548-ங்கிற பக்கத்துக் கேலக்சியோட மையத்தை 2014-ல ஹப்பிள், ஸ்விஃப்ட் விண்கலங்கள் மாசக்கணக்கா விடாம பார்த்துச்சு. உள்ள ஒரு மினுக்கல் வந்தா அது தட்டோட வெளிப்பக்கம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தாங்க. அங்கயும் தட்டு எதிர்பார்த்ததைப்போல 3 மடங்கு. இரண்டும் முழுக்க வேற வேற முறை, இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுது. இதுக்கப்புறமும் நுண்வில்லைக் கணக்குல எங்கயோ தப்புன்னு சொல்றது சரியில்ல. கோட்பாட்டுல எதையோ விட்டிருக்கோம்னு ஒப்புக்கிறதுதான் நியாயம்.

எதை விட்டோம்? 2011-ல ஜேசன் டெக்ஸ்டரும் எரிக் அகோலும் சொன்னது: தட்டு சீராச் சூடா இல்ல, அங்கங்க திட்டுத் திட்டா கொதிக்குது, அந்தத் திட்டுகள் மாறிட்டே இருக்கு. வெளிப்பக்கத்துலயும் சூடான திட்டு இருந்தா, மொத்த வெளிச்சம் கூடாமலே தட்டு அகலமாத் தெரியும். தட்டுலேர்ந்து கிளம்புற காற்று வெளிச்சத்தைச் சிதறடிச்சு அகலமாக் காட்டுதுங்கிறது இன்னொரு தரப்பு. கேட்க எல்லாமே நியாயமாத்தான் இருக்கு.

இதைத் தீர்க்க நிறம் உதவும். தட்டோட உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் போகப்போகச் சிவப்பு. ஷகூரா–சுன்யேவ் கணக்குப்படி அலைநீளம் இரண்டு மடங்கானா ஆரம் சுமார் இரண்டரை மடங்காகணும். ஐகன்ப்ராட் குழு 2004-லேர்ந்து 2007 வரைக்கும் சிலியில இருக்கிற விஎல்டி தொலைநோக்கியில சிலுவையோட நிறமாலையை எடுத்துக்கிட்டே வந்தாங்க. கோடு தாண்டும்போது நீலம் அதிகமாவும் சிவப்பு கம்மியாவும் ஏறுச்சு, கோட்பாட்டோட ஏறக்குறைய ஒத்துப்போற விகிதத்துல. மத்த சில குவாசார்கள்ல அப்படி ஒத்துப்போகல. ஆக, நிறம் மாறுற விதம் சில இடத்துல சரி, மொத்த அளவு மட்டும் பெருசு. குழப்பம் இப்போதைக்கு அங்கதான் நிக்குது.

மிச்சம் இருக்கிற கஷ்டம் காலம்தான். ஐன்ஸ்டைன் சிலுவையில கேலக்சி ரொம்பப் பக்கம், அதனால வலை வேகமா நகருது. சாதாரணமா ஒரு நட்சத்திரத்தோட வீச்சை ஒரு குவாசார் கடக்க 20 வருஷம் பக்கம் ஆகும். ஒரு ஆராய்ச்சி மாணவரோட காலம் அதுக்குள்ள முடிஞ்சுடும். அதனால கூட்டணி போட்டு, பல நாட்டுத் தொலைநோக்கிகள்ல முறை வச்சுப் பார்க்கிறாங்க. சுவிட்சர்லாந்துக்காரங்க நடத்துற காஸ்மோகிரெயில் திட்டத்துல லடாக்ல 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற ஹான்லே 2 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்து வேலை பார்த்திருக்கு. அதைப் பெங்களூரு பக்கம் ஹொசக்கோட்டேலேர்ந்து செயற்கைக்கோள் வழியா இயக்குறாங்க.

இப்போ சிலியில வேரா ரூபின் வானாய்வகம் வந்தாச்சு. 8.4 மீட்டர் கண்ணாடி, 2025 ஜூன்ல முதல் படங்களை வெளியிட்டாங்க. தெற்கு வானம் முழுக்க, சில நாளுக்கு ஒரு தடவை, ஆறு நிறத்துல, 10 வருஷம். இன்னிக்கு நம்ம கையில சில நூறு வில்லைக் குவாசார்கள்தான் இருக்கு. ரூபின் ஆயிரக்கணக்குல பிடிக்கும்னு எதிர்பார்க்கிறாங்க. ஒரு குவாசாருக்கு 20 வருஷத்துல ஒரு பெரிய நிகழ்வுன்னு வச்சுக்கிட்டாக்கூட, ஆயிரம் குவாசாரைப் பார்த்துட்டு இருந்தா வருஷத்துக்கு 50. ஏற்றம் ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சுட்டா, கோட்டைத் தாண்டி முடியறதுக்குள்ள விஎல்டியையும் எக்ஸ்-கதிர் விண்கலங்களையும் அந்தப் பக்கம் திருப்பிடலாம். 1988-ல இர்வின் குழுவுக்குக் கிடைக்காத வசதி அது. நிகழ்வு நடந்துட்டு இருக்கிறதே அன்னிக்கு யாருக்கும் தெரியாது.